பாம்பனிலிருந்து பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு அறிஞராகச் சில மாதங்கள் தங்குவதற்கு நல்கை (ஃபெலோஷிப்) கேட்டு எழுதும் இளைய ஆசிரியர்கள், விண்ணப்ப வரைவை என்னிடம் படிக்கக் கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் நம் இராமநாதபுரம் கடலோரத்துக் கல்லூரிகளில் விலங்கியலோ தாவரவியலோ பொருளாதாரமோ நடத்துகிறவர்கள். உழைப்பாளிகள், கடலை அறிந்தவர்கள். ஆனால் ஏறக்குறைய எல்லா வரைவிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: "நீடித்த வளர்ச்சி குறித்த நவீன அணுகுமுறைகளைத் தங்கள் நிறுவனத்தில் கற்று, நாடு திரும்பிப் பயன்படுத்துவேன்."

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, அங்கே நீங்கள் என்ன பாடம் நடத்துவீர்கள் என்று எழுதுங்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அமெரிக்கா போவதற்கு இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து தரும் ஃபுல்பிரைட்-நேரு நல்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி ஆசிரியர்களுக்கான பிரிவில் பாடம் நடத்தப் போகலாம், ஆய்வு செய்யப் போகலாம், இரண்டையும் கலந்தும் கேட்கலாம். நம்மவர்கள் ஆய்வை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏன் என்று ஒரு தம்பியிடம் கேட்டேன். "அவர்களுக்கு நான் என்ன சார் சொல்லிக்கொடுப்பது?" என்றார். அவருக்குச் சொந்த ஊர் மண்டபம்! கேள்வி கேட்ட இடத்திலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிடும் தூரத்தில் ஒரு பருவத்துக்கான பாடம் கிடக்கிறது.

இந்தோ-நார்வே மீன்வளத் திட்டத்திலிருந்தே தொடங்கலாம். 1952-இல் கையெழுத்தாகி, கேரளத்தில் நீண்டகரைப் பக்கம் தொடங்கி, பிறகு மண்டபம் வரை வந்தது. வந்த நிபுணர்கள் நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள். உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்றார்கள், பெருகவும் செய்தது. விசைப்படகும், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையும் இந்தியக் கரைகளில் பரவியதில் அந்தத் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இறாலுக்கு வெளிநாட்டில் கிடைத்த விலை மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. இன்று பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலைப் பங்கு போட்டிருக்கிறோம். இரண்டும் ஒரே நாளில் இறங்கினால் நாட்டுப்படகுக்காரனின் வலை மிஞ்சாது. எதிர்க்கரையில் இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. எல்லை தாண்டிப் போய்ப் பிடிபடும் நம் படகுகளைப் பற்றிப் பேசும்போது, இந்த வலையைப் பற்றி மட்டும் நாம் வாய் திறப்பதில்லை. அது வேறு சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

நான் சொல்ல வருவது இதுதான். வளர்ச்சி உதவியை வாங்கிக்கொண்ட கரையில் அறுபது ஆண்டுகள் கழித்து என்ன நடந்தது என்பதை நார்வேயின் பெர்கன் நகரத்து வகுப்பறையில் நின்று சொல்வதற்கு, மண்டபத்து ஆசிரியரைவிடத் தகுதியானவர் யார்? அவர் அங்கே போய் நவீன அணுகுமுறைகளைக் கற்கப்போகிறாராம்.

இன்னொன்று, கடற்பாசி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துப் பிழைத்த பெண்கள் ஒரே அறிவிப்பில் அத்துமீறுகிறவர்களாகிப் போனார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிக் கையால் பறிக்கிறவர்கள் அவர்கள். எடுக்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டு, தங்கள் பக்க நியாயத்தையும் பேசினார்கள். சின்னப்பாலத்தில் இதற்கு முன்னின்ற ஒரு பெண்ணுக்கு 2015-இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் பரிசு கிடைத்தது. அதே கரையில்தான் கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி வந்தது. பெப்சி நிறுவனம் வளர்ப்பில் இறங்கியதால் ஊரில் அதற்குப் பெப்சிப் பாசி என்றே பெயர். மூங்கில் மிதவைகளில் வளர்த்த பெண்களுக்கு வருமானம் வந்தது. குருசடைத் தீவின் பவளங்கள் மீது அது படர்ந்துவிட்டதாக 2008-இல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. அபாயம் அவ்வளவு பெரிதல்ல என்று வாதிட்ட விஞ்ஞானிகளும் உண்டு. 2023-இல் நம் மாவட்டத்து வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியாயிற்று.

பிழைப்பும் பாதுகாப்பும் முட்டிக்கொள்ளும்போது யார் முடிவெடுப்பது, யாருடைய அறிவு செல்லும், தவறினால் யார் தலையில் விடியும்? நீடித்த வளர்ச்சி என்ற பெயரில் உலகெங்கும் நடத்தப்படும் பாடத்தின் நடுநரம்பு இந்தக் கேள்விகள்தாம். விடை தெரிந்திருந்தால்தான் நடத்தலாம் என்றில்லை. விடை தெரியாத கரையிலிருந்து வந்திருப்பதுதான் உங்கள் தகுதி.

ஜெர்மனியில் பிரேமன் நகரில் வெப்பமண்டலக் கடல்களை ஆராயவென்றே லைப்னிட்ஸ் மையம் ஒன்று இருக்கிறது. பவளப்பாறையும் அலையாத்திக் காடும் அவர்கள் ஊரில் கிடையாது. இருந்தும் வெட்கப்படாமல் மையம் கட்டியிருக்கிறார்கள், நல்ல வேலையும் செய்கிறார்கள். காரங்காட்டில் அலையாத்தியைத் தொட்டுக்கொண்டு படகில் போகிற நமக்குத்தான் கூச்சம்.

ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். கடல்நீரின் கார்பன் கணக்கையோ மீன் தசையில் பாதரசத்தையோ துல்லியமாக அளக்க அங்கே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் போங்கள். ஆனால் திரும்பி வந்த பிறகு நடப்பதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கருவி அங்கேயே இருக்கிறது. இங்கே ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு விளக்கு எரிந்தால் பெரிய காரியம். கூட்டாக ஒரு கட்டுரை, அதில் மூன்றாவது பெயர், அதோடு நல்கை முடிந்துவிடுகிறது. பாடத்திட்டம் அப்படியல்ல. வாரா வாரம் என்ன படிக்கச் சொல்வது, எந்தக் கேள்வியை வகுப்பில் போடுவது, மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாதபடி எப்படி மதிப்பிடுவது என்று ஒரு பருவம் முழுக்கச் சொந்தமாக யோசித்தவர், அந்தப் பழக்கத்தோடுதான் ஊர் திரும்புவார். அதற்குச் சுங்கமும் இல்லை, மின்கட்டணமும் இல்லை.

இங்கே அதற்கு எவ்வளவு பஞ்சம் என்பது வகுப்பில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். எல்லாப் பட்டப்படிப்பிலும் சுற்றுச்சூழல் பாடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொல்லி, பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு பொதுப் பாடத்திட்டமும் கொடுத்தது. என்ன ஆயிற்று? தேர்வுக்கு முந்தின நாள் கைடு வாங்கிப் படிக்கிற தாளாகிவிட்டது. தங்கச்சிமடத்துப் பையன் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று உணவுச் சங்கிலி எழுதி மதிப்பெண் வாங்குகிறான். எந்தக் காற்றுக்கு எந்த மீன் எந்தப் பக்கம் வரும் என்பது அவன் அப்பாவுக்குத் தெரியும். விடைத்தாளில் அதற்கு இடமில்லை. திருத்துகிற நமக்கும் நேரமில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். அமெரிக்கா போகிறவர்கள் எல்லாரும் புலம்பும் விதி ஒன்று உண்டு. ஃபுல்பிரைட் போன்ற அரசுப் பணத்தில் பரிமாற்ற விசாவில் போனால், திரும்பி வந்து இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அதற்கு முன் அங்கே குடியேறவோ வழக்கமான வேலை விசா வாங்கவோ முடியாது. எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். அங்கேயே தங்கிவிட நினைப்பவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன, அவர்கள் தாராளமாகப் போகட்டும். இந்த நல்கை திரும்பி வருகிறவர்களுக்கானது. நிரந்தர வேலையில் இருக்கிற கல்லூரி ஆசிரியருக்கு அது ஒரு சுமையே இல்லை.

ஐரோப்பாவின் மேரி கியூரி நல்கையை எல்லாரும் எடுத்தவுடன் கேட்கிறார்கள். முனைவர் பட்டம் பெற்று எட்டு ஆண்டு ஆய்வு அனுபவத்தைத் தாண்டியவர்களுக்கு அது கிடைக்காது. நம் ஆசிரியர்களில் பாதிப் பேர் அங்கேயே கழிந்துவிடுவார்கள். பிள்ளைகளை விட்டு நெடுநாள் போக முடியாத ஆசிரியைகள் ஜெர்மனியின் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு தரும் ஒன்று முதல் மூன்று மாத ஆய்வு நல்கையைப் பார்க்கலாம். அதில் பாடம் நடத்தும் ஏற்பாடு இல்லை என்பது எனக்குக் குறைதான். இருந்தாலும் போன இடத்தில் ஒரு கருத்தரங்க உரையைக் கேட்டு வாங்கிவிடலாம்.

கல்லூரி நிர்வாகம், தடையில்லாச் சான்று என்று தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது. ஒன்று மட்டும்: தேர்வு முடிவு வந்த பிறகு கோப்பைத் தொடங்காதீர்கள். விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகத் தலையாட்டிய முதல்வர் மாற்றலாகிப் போனதால் நல்கையையே விட்டுக்கொடுத்த ஒரு ஆசிரியையை எனக்குத் தெரியும்.

அழைப்புக் கடிதம் கேட்டு அங்குள்ள பேராசிரியருக்கு எழுதும்போது உங்கள் பட்டங்களை அடுக்காதீர்கள். அவருடைய துறையில் ஏற்கெனவே என்ன பாடங்கள் நடக்கின்றன என்று இணையத்தில் பாருங்கள். எந்தப் பாடத்தில் நம் கரை இல்லையோ அதைச் சொல்லி, ஒரே பக்கத்தில் உங்கள் பாடத்திட்டத்தை இணையுங்கள். அவருக்கு அது ஒரு பருவத்துப் பளுவைக் குறைக்கும், அதனால் பதில் வரும்.

வரைவு எழுதுகிறவர்கள் எனக்கு உள்பெட்டியில் அனுப்பலாம். ஆங்கிலம் திருத்தித் தர மாட்டேன், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வாரவாரியான பாடத்திட்டம் இருந்தால் உட்கார்ந்து படித்துக் கேள்வி கேட்பேன். "கற்றுக்கொண்டு திரும்புவேன்" என்று தொடங்கும் வரைவை அனுப்பினால் முதல் பத்தியோடு மூடிவிடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.