ஜெஃபர்சன் கொடுத்தது வெறும் சட்டப் புத்தகங்களா?

‘அந்தக் கால வக்கீல்கள் சட்டப் புத்தகம் தவிர வேறெதையும் தொட மாட்டார்கள். வக்கீலான தாமஸ் ஜெஃபர்சன் தன் சட்டப் புத்தகங்களை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அமெரிக்காவின் மூன்றாவது அதிபராக இருந்த அவர் வக்கீல் என்பது மட்டும் சரி.

1814இல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனில் வைத்த தீயில் நாடாளுமன்ற நூலகம் எரிந்துபோனது. அப்புறம் 1815இல் ஜெஃபர்சன் தன்னிடமிருந்த 6,487 புத்தகங்களை 23,950 டாலருக்கு விற்றார். இலவசமில்லை, மனிதருக்குக் கடனும் இருந்தது.

அவற்றில் சட்டம் ஒரு பகுதிதான். வரலாறு, தத்துவம், அறிவியல், கட்டிடக்கலை, கவிதை என எல்லாம் இருந்தன. பிரெஞ்சு, லத்தீன், கிரேக்க நூல்களும் உண்டு. இதெல்லாம் எதற்கு என்று சில உறுப்பினர்கள் சண்டைகூடப் போட்டார்கள். ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தேவைப்படாத துறையே இல்லை என்பது ஜெஃபர்சனின் வாதம்.

சட்டப் புத்தகம் அவருக்கு எப்போதும் இனித்ததா என்றால், அதுவும் இல்லை. 1762இல், சட்டம் படிக்கத் தொடங்கிய வயதில், எட்வர்ட் கோக் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞரின் நூலைப் படித்து நொந்து, அந்தக் கிழவரைப் பிசாசு கொண்டுபோகட்டும் என்று நண்பருக்குக் கடிதம் எழுதியவர் அவர்.