பத்து யென் காதல் தோல்வி

(டோக்கியோவின் ஷிமோகிதாசாவா பகுதியில், பழைய இசைத்தட்டுகளையும் குறுந்தகடுகளையும் வாங்கி விற்கும் சிறிய கடை, 2022 டிசம்பர். கடையை நடத்தும் அம்மையாருக்கு எழுபதை நெருங்கும் வயது. வந்திருப்பவர் நாற்பதைத் தாண்டிய, டை கட்டிய அலுவலக ஊழியர். இருவருமே பேரத்தின்போதும் மரியாதை குறையாதவர்கள். பேரம் இவ்வளவு நீண்டதற்கு அதுவே காரணம்.)

வந்தவர்: அம்மா, இது பாடகர் உடாடா ஹிகாருவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’ ஆல்பம். 1999 மார்ச் 10ஆம் தேதி, வெளியான அன்றே, ஏறத்தாழ 3,000 யென் கொடுத்து வாங்கினேன். பெட்டியில்கூட ஒரு கீறல் கிடையாது.

கடைக்காரர்: பத்து யென் தருகிறேன், ஐயா.

வந்தவர்: பத்தா? என் முதல் காதல் முறிந்தபோது எனக்கிருந்த ஒரே துணை இதுதான், அம்மா!

கடைக்காரர்: உங்களுக்குப் பின்னால் உள்ள அலமாரியின் கீழ்வரிசையைத் தயவுசெய்து பாருங்கள். அங்கே நிற்பவை அத்தனையும் இதே ஆல்பம்தான். கொண்டுவந்த ஒவ்வொருவரும், இது தமக்காகவே பாடப்பட்டது என்று சொல்லிவிட்டுத்தான் காசை வாங்கிக்கொண்டார்கள். இசை விற்பனையைக் கணக்கெடுக்கும் ஒரிக்கான் நிறுவனத்தின் கணக்குப்படி 76 லட்சத்துக்கும் மேல் விற்று, ஜப்பானில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் என்ற இடத்தை இன்றும் விட்டுக்கொடுக்காமல் இருக்கிறது. அன்றைய மக்கள்தொகையை அதனால் வகுத்தால், கைக்குழந்தைகளையும் சேர்த்து, பதினாறு பதினேழு பேருக்கு ஒன்று வரும்.

வந்தவர்: மற்றவர்கள் பாட்டுக்காக வாங்கினார்கள்; நான் அனுபவித்து வாங்கினேன். தலைப்புப் பாடலின் தொடக்கத்தில், கடைசி முத்தத்தில் புகையிலையின் சுவை இருந்தது என்று வருகிறதே, அந்த வரியைக் கேட்டால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கடைக்காரர்: அப்போது நீங்கள் புகைபிடிப்பவரா?

வந்தவர்: இல்லை. எனக்குப் பதினேழு வயது; இருபது வயதாகும்வரை சட்டம் அனுமதிக்காது.

கடைக்காரர்: அந்தப் பெண்?

வந்தவர்: அவருக்கும் பதினேழுதான்.

கடைக்காரர்: முத்தம்?

வந்தவர்: (சற்று யோசித்து) அதுவும் இல்லை. ஓராண்டுக் காலம் ஒரே ரயில்பெட்டியில் பள்ளிக்குப் போனோம். ஏப்ரலில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

கடைக்காரர்: ஆக, முத்தமும் புகையிலையும் நீங்கலாக மற்றதெல்லாம் உங்கள் கதை.

வந்தவர்: கேலி செய்யாதீர்கள், அம்மா. பாடியவருக்கே அப்போது 16 வயதுதான். நியூயார்க்கில் பிறந்து, 15 வயதில் ‘ஆட்டோமேட்டிக்’ பாடலோடு அறிமுகமாகி, தாமே எழுதி, தாமே மெட்டமைத்துப் பாடிய அவருக்கு அவ்வளவு பெரிய பிரிவை எழுத முடிந்ததென்றால், அவரைவிட ஒரு வயது மூத்த எனக்கு அதை உணர மட்டும் முடியாதா?

கடைக்காரர்: அவருடைய தாயார் ஃபுஜி கெய்கோ என்பதை மறந்துவிடுகிறீர்கள். 1970இல் அவருடைய என்கா எனும் சோகப் பாடல்களின் எல்.பி. தட்டுகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, தொடர்ந்து 37 வாரங்கள் முதலிடத்தில் இருந்தன. எனக்கு அப்போது பதினாறு வயது. எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அதே பாட்டுத்தான் ஒலித்தது என்றாலும், அவர்களுடைய துக்கமெல்லாம் பாவனை, என்னுடையது மட்டுமே உண்மை என்று முடிவுகட்டியிருந்தேன்.

வந்தவர்: அந்தத் தட்டு இப்போது எங்கே?

கடைக்காரர்: அதோ, மேல்வரிசையில். கடை என்றால் எல்லாவற்றையும் விற்பனைக்கு வைக்க வேண்டுமே என்பதற்காக வைத்திருக்கிறேன். எவரும் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக 80,000 யென் என்று விலை எழுதியிருக்கிறேன்.

வந்தவர்: உங்கள் காதல் தோல்விக்கு 80,000, என்னுடையதற்குப் பத்தா?

கடைக்காரர்: என்னுடையது வினைல், ஐயா. அது போகட்டும், இத்தனை ஆண்டுகள் காப்பாற்றியதை இப்போது ஏன் விற்கிறீர்கள்?

வந்தவர்: இந்தப் பாடலையும், அவரே 2018இல் வெளியிட்ட ‘ஹட்சுகோய்’ பாடலையும் வைத்து, போன மாதம் நெட்ஃபிளிக்ஸில் ஒரு தொடர் வந்ததல்லவா? அதன் ஒன்பது பகுதிகளிலும் நான் அழுதேன். ஒன்பது பகுதிகளிலும் என் மனைவி திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில், இந்தக் குறுந்தகடு வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கடைக்காரர்: தட்டில் கீறல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுகிறேன். (பெட்டியைத் திறக்கிறார்.) ஐயா, உள்ளே இருப்பது உடாடாவுக்குப் போட்டியாகப் பேசப்பட்ட பாடகி ஹமசாகி அயூமியின் ‘ஏ பெஸ்ட்’ ஆல்பம்.

வந்தவர்: அது என் மனைவியுடையது! 2001 மார்ச் 28ஆம் தேதி, உடாடாவின் அடுத்த ஆல்பமான ‘டிஸ்டன்ஸ்’ வெளியான அதே நாளில், அவர் போட்டிக்கென்றே வாங்கியது. அப்படியானால் என்னுடையது அவருடைய பெட்டிக்குள் அல்லவா இருக்கும்? வெளியே கொண்டுபோகச் சொன்னவரே, நான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாரா? யாரை நினைத்துக் கேட்டார்?

கடைக்காரர்: வாங்கிய அத்தனை பேரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டால் இந்த நாட்டில் குடும்பங்கள் மிஞ்சுமா?

வந்தவர்: என்னைச் சந்திப்பதற்கு முன்பு, புகைபிடிக்கும் நண்பர் எவராவது அவருக்கு இருந்தாரோ?

கடைக்காரர்: அதை வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள், ஐயா. வெறும் பெட்டியை நாங்கள் வாங்குவதில்லை. ஆனால் ஹமசாகியின் தட்டை அதன் பெட்டியோடு கொண்டுவந்தால் இருபது யென் தருகிறேன்.

வந்தவர்: இருபதா? உடாடாவுக்குப் பத்து, அவருக்கு இருபதா? இது என்ன நியாயம், அம்மா?