ஆலாபனைக்கு நடுவில் ஐஸ்கிரீமா?

நேற்றும் அதே கூத்துதான். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். நாயனக்காரர் அப்போதுதான் கல்யாணி ராகத்தை விரிக்க ஆரம்பித்தார். என் ஆறு வயது மகள் மேடையோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நாயனத்தில் கொத்தாகத் தொங்கும், வாயில் வைத்து ஊதுகிற சீவாளிகளையும், தவில்காரர் விரல்களில் மாட்டியிருந்த கூடுகளையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "அப்பா, அவங்க மூச்சே விட மாட்டாங்களா?" என்று என் காதில் கேட்கிறாள். இந்த ஒரு கேள்விக்காக மூணு வருஷமாகக் காத்திருந்தேன்.

பொறுக்குமா இவர்களுக்கு? "ஏட்டி, இங்க என்ன செய்யுத? வா, அங்க ஐஸ்கிரீம் குடுக்காவ!" என்று ஒரு மைனி கையைப் பிடித்து இழுக்கிறாள். "சின்னப் புள்ளைய ஏன் இப்படி உக்கார வச்சிருக்கிய? அதுக்கு என்ன புரியும்?" என்று ஒரு பெரியவர். புரியாமலா அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்? பின்னால் நாலு பேர் வயக்காட்டுத் தகராறை ஊருக்கே கேட்கப் பேசுகிறார்கள். வீடியோ விளக்கு பிள்ளை கண்ணிலேயே அடிக்கிறது. ராகம் முடியுமுன் எவனோ ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டை அலறவிட்டான். நாயனக்காரர் பேசாமல் இறக்கி வைத்தார்.

நாயன மேதை காருகுறிச்சி அருணாசலம் வாசித்த சீமையய்யா இது! நெல்லை காந்திமதி அம்மன் மேல் ஹேமவதி ராகத்தில் கீர்த்தனை செய்த முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் கண்மூடிய எட்டயபுரம், பஸ் ஏறினால் வந்துவிடும். இங்கேயே ஒரு பிள்ளை பத்து நிமிஷம் நாயனம் கேட்க முடியாதென்றால், வேறெங்கே போய்க் கேட்கும்?

வீடு வரும்வரை, "மிச்சத்தை அந்த மாமா எப்போப்பா வாசிப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் என்னத்தைச் சொல்ல?