கூடக் குறைய மூன்று

(தண்டையார்பேட்டையில் ஒரு குறுக்குத் தெரு. வீட்டு வாசலே இட்லிக் கடை.)

தம்பி: வணக்கம் அம்மா. சில கேள்விகள் கேட்க வேண்டும். வீட்டில் ஆண்கள் யாராவது இருக்கிறார்களா?

(டேப்லெட்டோடு வாசலில் வந்து நிற்பவர் எவரானாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார். எதிரே இட்லித் தட்டோடு நிற்பவர் அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.)

அம்மா: அவர் கண்டெய்னர் லாரியோடு போயிருக்கிறார் சார், எப்போது திரும்புவார் என்பது துறைமுகத்து வரிசைக்குத்தான் தெரியும். மின் இணைப்பும் ரேஷன் கார்டும் என் பெயரில்தான் இருக்கின்றன, அதனால் கேட்பதை என்னிடமே கேளுங்கள். முதலில் உட்காருங்கள், சூடாக ஐந்து இட்லி வைக்கிறேன்.

தம்பி: இந்த வீட்டில் வாக்குரிமை உள்ளவர்கள் எத்தனை பேர்?

அம்மா: ஐந்து பேர். மூன்று தலைமுறையாக இதே தெரு என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எங்களில் ஒருவரும் பெரும்பாக்கத்து மாற்றுக் குடியிருப்புக்குப் போவதாக இல்லை.

தம்பி: பெரும்பாக்கம் சோழிங்கநல்லூர் தொகுதி அம்மா, நான் கேட்பது ஆர்.கே. நகரைப் பற்றி. அடுத்த தேர்தலில் மாற்றம் வர வேண்டும் என்று நினைக்கிறீர்களா?

அம்மா: மாற்றமே வேண்டாம் சார்! இருக்கிற இடத்திலேயே இருந்துகொள்கிறோம்.

தம்பி: இப்போது இருப்பதே தொடர வேண்டும் என்கிறீர்கள்.

அம்மா: தொடர்ந்தே ஆக வேண்டும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

தம்பி: அடிப்படை வசதிகளில் குறை ஏதும் உண்டா?

அம்மா: குறையைச் சொன்னால் குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று எழுதிவிடுவீர்களே? ஒரு குறையும் இல்லை. குழாயில் தண்ணீர் தேனாக வருகிறது, நிறமும் அதே நிறம்தான்.

தம்பி: (தட்டிக்கொண்டே) முழுத் திருப்தி. கடைசியாக, எந்தக் கட்சிக்கு வாக்களிப்பீர்கள்?

அம்மா: வீடு கணக்கெடுக்க வந்தவருக்கு அது எதற்கு சார்?

தம்பி: நான் வீடு கணக்கெடுக்க வரவில்லை அம்மா, இது தேர்தல் கருத்துக்கணிப்பு. ஒரு தனியார் நிறுவனத்துக்காக எடுக்கிறோம்.

அம்மா: அதை முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கு என்ன தம்பி? உன்னைப் போலவே ஒருவர் வந்து, சிரித்துச் சிரித்துப் பேசி, பெயரெல்லாம் எழுதிக்கொண்டு போன பிறகுதான் பின் தெருவையே லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். இதுவரை நான் சொன்னதையெல்லாம் அழித்துவிடு.

தம்பி: 'அடுத்து' என்பதை அழுத்திவிட்டால் இந்தக் கருவி பின்னால் போகாது அம்மா.

அம்மா: அப்படியானால் வடசென்னை மக்களுக்கு முழுத் திருப்தி என்று நாளைக்குத் தொலைக்காட்சியில் வரப்போவது, பெரும்பாக்கத்துக்கு நான் பயந்த பயமா?

தம்பி: ஒருவர் பதிலால் முடிவு மாறிவிடாது. நான் புள்ளியியல் படித்தவன். ஆயிரம் பேரைச் சரியானபடி பொறுக்கியெடுத்துக் கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை நமது விடை உண்மைக்கு மூன்று சதவீதம் கூடக் குறையத்தான் இருக்கும்.

அம்மா: கூடக் குறைய மூன்றா? அரசாங்க ஆள் என்று நினைத்துச் சும்மா வைத்த இட்லி ஐந்து. கூடக் குறைய மூன்று என்றால், எட்டு இட்லிக்குக் காசை எடு.

தம்பி: குறைத்து இரண்டு என்றும் கொள்ளலாமே?

அம்மா: காசு வருகிற பக்கம் பார்த்துத்தானே கூட்டுவதும் குறைப்பதும்?

தம்பி: அப்படிச் சொல்லிவிடாதீர்கள். 2021இல் தி.மு.க. அணி வெல்லும் என்றார்கள், 159 இடங்களில் வென்றதே!

அம்மா: அதை எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர் காசு வாங்காமலே சொன்னார். 2016இல் என்ன ஆயிற்று?

தம்பி: வாக்குப்பதிவு முடிந்த மாலையில் பெரும்பாலான கணிப்புகள் தி.மு.க. என்றன, வந்தது அ.தி.மு.க. இரண்டு அணிகளுக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ ஒரு சதவீத வாக்குதான் என்றாலும், அந்த ஒன்றிலேயே ஒரு பக்கம் 134, மறுபக்கம் 98 என்று தொகுதிகள் பிரிந்துவிட்டன.

அம்மா: வித்தியாசம் ஒன்று, உன் கூடக் குறைய மூன்று. ஜெயித்தவரும் தோற்றவரும் அந்த மூன்றுக்குள்ளேயே குடியிருக்கும்போது, நீ எதைக் கண்டுபிடிக்க இந்த வெயிலில் அலைகிறாய்? அந்த மூன்றும், எல்லோரும் உண்மை சொன்னால் மட்டும்தானே?

தம்பி: மக்கள் ஏன் பொய் சொல்லப்போகிறார்கள்?

அம்மா: 2017இல் எங்கள் இடைத்தேர்தலின்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய். பணப்பட்டுவாடா என்று ஏப்ரலில் நிறுத்தி, டிசம்பரில் மறுபடி நடத்தினார்கள். வாசலுக்கு வந்து கும்பிட்ட அத்தனை பேரிடமும் 'உங்களுக்குத்தான்' என்றோம், அத்தனை பேரும் மகிழ்ச்சியோடு போனார்கள். ஆனால் குக்கர் சின்னம் 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. கும்பிட்டவருக்கே உண்மையைச் சொல்லாத வாய், டேப்லெட்டுக்கா சொல்லும்?

தம்பி: அதற்காகத்தான் தேர்தல் நெருங்க நெருங்கத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் முடிவுகளை வெளியிடத்தான் தடை.

அம்மா: எங்கள் தெரு மனத்தை மாற்றிக்கொள்வதே அந்த 48 மணி நேரத்தில்தான். ஏன் என்று கேட்காதே.

தம்பி: (தலை குனிந்து) 2024 நாடாளுமன்றத் தேர்தலில்கூடப் பல கணிப்புகள் மத்தியில் ஆளும் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்று சொல்லின. வந்தது 293.

அம்மா: கூடக் குறைய மூன்று!

தம்பி: அம்மா, விளையாடாதீர்கள். மக்களின் கருத்துக்கு மதிப்புக் கொடுக்கத்தானே நாங்கள் வருகிறோம்?

அம்மா: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்து நீரில் எண்ணெய் கலந்து, வலையும் படகும் கறுத்துப்போய்க் கிடந்தபோது, என் தம்பி குடும்பம் கருத்தோடுதான் கரையில் உட்கார்ந்திருந்தது. அதைக் குறித்துக்கொள்ள ஒரு டேப்லெட்டும் வரவில்லை. உங்களுக்கு எங்கள் கருத்து தேவைப்படுவது, யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டுகிறவர்களுக்குச் சொல்ல மட்டும்தான்.

(தம்பி அடுத்த கேள்விக்குப் போகிறார். அவருடைய படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.)

தம்பி: இந்தத் தெருவில் இன்னும் இரண்டு பெண்களின் பதில் தேவை.

அம்மா: டீக்கடையில் உட்கார்ந்து நீயே எழுதிக்கொள்.

தம்பி: முடியாது, நான் எந்த இடத்தில் நின்று கேட்கிறேன் என்பதை இந்தக் கருவி அலுவலகத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

அம்மா: அப்படியானால் இங்கேயே நின்று எழுது. இடமாவது உண்மையாக இருக்கும்.

தம்பி: உங்களுடைய தொலைபேசி எண்ணையாவது கொடுங்கள். நான் நேரில் வந்தேனா என்று சரிபார்க்க அலுவலகத்திலிருந்து அழைப்பார்கள்.

அம்மா: எங்கள் கவுன்சிலர் எண்ணைத் தருகிறேன், எழுதிக்கொள். நாங்கள் அழைத்தால் எடுப்பதில்லை, உங்கள் அலுவலகம் அழைத்தாலாவது எடுக்கிறாரா என்று பார்த்து எனக்கு ஒரு வார்த்தை சொல்.