‘கத்தோலிக் வொர்க்கர்’ மறைமாவட்டத்தின் இதழ் அல்ல

ஒரு நண்பர், ‘கத்தோலிக் வொர்க்கர்’ என்னும் அமெரிக்கக் கத்தோலிக்கத் தொழிலாளர் இதழை நியூயார்க் மறைமாவட்டம் (ஆயரின் தலைமையிலுள்ள திருச்சபை நிருவாகப் பகுதி) தன் பணத்தில் தொடங்கி நடத்தியதாக எழுதியுள்ளார். இது தவறான எண்ணத்தை உண்டாக்கும். எழுத்தாளர் டாரதி டே, பீட்டர் மோரின் என்னும் இரு பொதுநிலையினர் (குருக்களோ துறவியரோ அல்லாத கத்தோலிக்கர்) தொடங்கிய அவ்விதழின் முதல் 2,500 படிகள், 1933 மே 1 அன்று நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் கூடிய தொழிலாளர்களிடையே ஒரு சென்ட் விலைக்கு விற்கப்பட்டன. அச்சுச் செலவான 57 டாலரில் பெரும்பகுதி, டே தமது எழுத்தால் ஈட்டியதும் வீட்டுக் கட்டணங்களைச் செலுத்தாமல் நிறுத்திவைத்ததுமே ஆகும். ஒரு குருவும் ஒரு கன்னியரும் சிறு தொகை அளித்தது உண்மைதான். ஆனால் அது தனிமனித நன்கொடையே தவிர மறைமாவட்ட நிதி அன்று.

நிருவாகம் மறைமாவட்டத்தின் கையில் இருந்திருந்தால், 1951இல் ‘கத்தோலிக்’ என்ற சொல்லைப் பெயரிலிருந்து நீக்குமாறு அதன் அலுவலகம் கேட்டபோது, டே பணிவோடும் உறுதியோடும் மறுத்து, அதே பெயரில் இதழைத் தொடர்ந்து வெளியிட்டிருக்க முடியாது. வரிவிலக்குப் பெறும் அறநிறுவனமாகக்கூட, இதழை ஒட்டி வளர்ந்த கத்தோலிக் வொர்க்கர் இயக்கம் பதிவு செய்துகொள்ளவில்லை. அதனாலேயே 1972இல் அமெரிக்க வரித்துறை ஏறத்தாழ 3 லட்சம் டாலர் கேட்டு, பத்திரிகைகளில் எழுந்த கண்டனத்துக்குப் பின் அக்கோரிக்கையைக் கைவிட்டது.

ஆயரகத்துடன் டே மோதிக்கொண்டே இருந்தார் என்றும் இதைக் கொண்டு முடிவுகட்ட வேண்டாம். திருச்சபைப் போதனையில் அவர் மிகுந்த பற்றுடையவர்.