உள்ள போட்டா யாரு பாப்பா?

அத்தை: நாலாயிரம் ரூபாயா மாப்ள? கரையும் இல்ல, முந்தியும் இல்ல. பனியன் மாதிரி இருக்கு!

மாப்பிள்ளை: பனியன்தான் அத்தை. பட்டு பனியன். கேதார்நாத் குளிருக்கு உள்ள போடுறது.

அத்தை: பட்டை உள்ள போட்டா யாரு பாப்பா?

மாப்பிள்ளை: பாக்குறதுக்கு இல்லத்தை. கோயில் 3,583 மீட்டர் உயரம். கௌரிகுண்டுலேர்ந்து மலையேறணும். ஏறும்போது வேர்க்கும், நின்னா அந்த வேர்வையே குளிரும். பட்டு ஈரத்தை நல்லா இழுத்துக்கும், ஆனா உடம்புக்கு ஈரம் தெரியாது.

அத்தை: காயுமா?

மாப்பிள்ளை: மெதுவா காயும்.

அத்தை: உங்க மச்சான் எடுத்த பாலியஸ்டரை நாலு தடவை உதறினா காஞ்சிடுது.

மாப்பிள்ளை: அது தண்ணியை உறிஞ்சவே உறிஞ்சாது, அதான். ஆனா ரெண்டாம் நாளே நாறும்.

அத்தை: நாறினாலாவது நாலு பேருக்குத் தெரியும். உங்களது யாருக்குத் தெரியும்? பேசாம என் கல்யாணப் பட்டைப் போத்திக்கிட்டு வரேன். வரிசையில நிக்கிற அத்தனை பேரும் பாப்பாங்க.

மாப்பிள்ளை: அதுல ஜரிகைக் கனம். நனைஞ்சா பட்டுக்கு வலுவும் குறையும்.

அத்தை: உங்க பட்டு மட்டும் நனைஞ்சா வலு கூடுமோ? அந்தத் தீப்பெட்டியை எடுங்க. தொங்குற நூலைக் கொளுத்திப் பாத்துடலாம்.

மாப்பிள்ளை: அது தையல் நூல், பாலியஸ்டராத்தான் இருக்கும். துணியில எடுங்க!

(அத்தை உள்தையல் ஓரத்தில் நகத்தளவு வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுகிறார். துணி சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக நிற்கிறது.)

அத்தை: பட்டுன்னா முடி கருகுற நாத்தம் வரும். நசுக்கினா பொடியாகும். இது பிளாஸ்டிக் குடம் எரியிற நாத்தம்.

மாப்பிள்ளை: அட்டையில 'சில்க்'னு போட்டிருந்துச்சே!

அத்தை: பின்னாடி வாசிங்க.

மாப்பிள்ளை: "சில்க் ஃபீல்... 100 சதவீதம் பாலியஸ்டர்." இது மோசடி அத்தை! கேஸ் போடணும்!

அத்தை: முன்னாடி பெருசா பட்டு, பின்னாடி பொடி எழுத்துல பாலியஸ்டர். எங்களுக்கு வருஷக்கணக்கா இப்படித்தான் சேலை விக்கிறான். அப்பல்லாம் "பாத்து வாங்கத் தெரியல"ன்னீங்க. ஆம்பளைக்கு வித்ததும் மோசடியாயிடுச்சு!

மாப்பிள்ளை: நாலாயிரம் அத்தை...

அத்தை: விடுங்க மாப்ள. சீக்கிரம் காயும்.