இன்று எவ்வளவு போச்சு?

ஆன்லைன் போக்கர் சீட்டாட்டம் என்றதும் அது திறமையா, சூதா என்ற சண்டைக்குத்தான் எல்லோரும் போகிறோம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்றது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் வந்து, ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களையே மொத்தமாகத் தடை செய்தது. சரி, அது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயம். ஆப்களுக்குத் திரை வடிவமைக்கிற வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அந்தத் திரை மீதே ஒரு புகார் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போக்கர் மென்பொருள்களில் நம் தொழில்காரர்கள் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. போக்கர்ஸ்டார்ஸ் என்ற தளத்தில் ஒரே நேரத்தில் 24 மேசைகள் வரை திறந்து வைத்துக்கொண்டு ஆடியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மேசையும் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிவிடும். அந்த அளவில் ஆட்டினும் டைமண்டும் இரண்டுமே சிவப்பாக இருந்தால் கண் ஏமாந்துபோகும். அதற்காகவே நான்கு வண்ணச் சீட்டு என்று ஒரு வசதி: ஆட்டின் சிவப்பு, டைமண்ட் நீலம், கிளாவர் பச்சை, ஸ்பேடு கறுப்பு. இத்தனை எளிய தீர்வு, ஆனால் பெரும்பாலான மென்பொருள்களில் அமைப்புகளுக்குள் போய்த் தேடினால்தான் கிடைக்கும்.

இன்னொன்று. பணம் எதுவும் போடாமல் 'செக்' சொல்லி ஆட்டத்தில் தொடர வாய்ப்பிருக்கும்போது தவறுதலாக 'ஃபோல்டு' அழுத்தினால் (நம்மூர் ரம்மியில் டிராப் மாதிரி), "சும்மாவே தொடரலாமே, நிச்சயமா?" என்று கேட்கும். அதேபோல, உங்கள் முறை வருவதற்கு முன்பே '20 ரூபாய்க்குக் கால்' (எதிராளி வைத்த அதே தொகையை நானும் வைக்கிறேன்) என்று டிக் அடித்து வைத்திருக்கிறீர்கள், இடையில் ஒருவர் தொகையை 200 ஆக ஏற்றிவிட்டார் என்றால், நல்ல மென்பொருள் அந்த டிக்கைத் தானாகவே எடுத்துவிடும். பயனரின் கை தவறும் என்று முன்கூட்டியே யோசித்துச் செய்த வேலை இது. நம் வங்கி ஆப்களில் பாதிக்கு இந்தக் கரிசனம் கிடையாது.

குறைகளும் உண்டு. உங்கள் முறை வந்ததும் அந்த மேசை மற்றதன் மேல் தானாக வந்து உட்காரும். இங்கே ஃபோல்டு அழுத்தப் போன விரல் அங்கே அழுத்திவிடும். தொகைப் பெட்டியில் ஒரு புள்ளி விட்டுப்போனால் 3.50 என்பது 350 ஆகிவிடும். இதெல்லாம் எல்லோரும் புலம்புகிற சங்கதிகள், திருத்திவிடலாம்.

என் புகார் வேறு. அதைப் புரிந்துகொள்ள இந்த நிறுவனங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். போக்கரில் நிறுவனம் உங்களுக்கு எதிராக ஆடுவதில்லை. எல்லோரும் பந்தயமாக வைத்து மேசை நடுவே சேரும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதற்கு ரேக் என்று பெயர். யார் ஜெயித்தாலும் அதற்குக் கவலையில்லை, ஆட்டம் வேகமாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். நிஜ மேசையில் சீட்டைக் கலைத்து, போட்டு, பணத்துக்குப் பதிலான சிப்ஸ் வில்லைகளை எண்ணி முடிப்பதற்குள் மணிக்கு 25, 30 ஆட்டம் போனால் பெரிது. கணினியில் அது இரண்டு மடங்குக்கும் மேல். அதுவும் போதாது என்று 2010-இல் ஃபுல் டில்ட் நிறுவனம் 'ரஷ் போக்கர்' கொண்டுவந்தது. ஃபோல்டு அழுத்திய நொடியே வேறு மேசை, புதுச் சீட்டு. மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை காத்திருக்கும் நேரம் அடியோடு போயிற்று. எழுந்து போகலாமா என்று மனிதன் யோசிப்பது அந்த நேரத்தில்தானே?

இப்போது திரையைப் பாருங்கள். நடுவில் எவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறது, ஒவ்வொருவர் முன்னாலும் எவ்வளவு இருக்கிறது, முடிவெடுக்க எத்தனை நொடி மிச்சம், எல்லாம் தெரியும். நீங்கள் இன்று எவ்வளவு தோற்றிருக்கிறீர்கள் என்பது மட்டும் பெரும்பாலும் மேசையில் இருக்காது. அது வேண்டுமென்றால் ஆப்பில் காசாளர் என்ற பக்கத்துக்குப் போய், பரிவர்த்தனை வரலாற்றைத் திறந்து, நீங்களே கூட்டிக் கழிக்க வேண்டும்.

இதில் ஆட்டோ டாப்-அப் என்று ஒரு வசதி இருக்கிறது பாருங்கள், அதுதான் உச்சம். 1000 ரூபாயோடு உட்காருகிறீர்கள், 300 போகிறது. அடுத்த ஆட்டம் தொடங்கும்போது உங்கள் கணக்கிலிருந்து 300 சத்தமில்லாமல் வந்து நிரம்பிவிடும். மறுபடியும் முன்னால் 1000. இப்படிப் பத்து முறை நடந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரிவது அதே 1000தான். நிஜ மேசையில் ஒவ்வொரு முறையும் பர்ஸைத் திறக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவன் பார்ப்பான், நோட்டு குறைவது கைக்கே தெரியும். இங்கே அந்த அனுபவத்தை ஒரு டிக் பெட்டி விழுங்கிவிடுகிறது. வசதி என்ற அளவில் இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, எவ்வளவு வழவழப்பு!

போக்கர் டிராக்கர், ஹோல்டம் மேனேஜர் என்று துணை மென்பொருள்கள் விற்கிறார்கள். எதிராளி நூற்றுக்கு எத்தனை முறை பணம் வைக்கிறான் என்பதெல்லாம் அவன் பெயருக்குப் பக்கத்தில் எண்ணாக நிற்கும். உங்களுடைய சொந்த லாப நஷ்டமும் வரைபடமாகக் கிடைக்கும். காசு கொடுத்து இதை வாங்குபவன் தொழிலாகவே ஆடுகிறவன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஆடலாம் என்று உட்காருகிறவன் வாங்க மாட்டான். ஆக, தோற்கப்போகிறவனுக்குத்தான் அந்தக் கணக்கு கிடைப்பதில்லை.

பணத்தை வெளியே எடுப்பதிலும் இதே புத்திதான். போடுவது ஒரு நிமிடம், எடுக்க விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போதே 'விண்ணப்பத்தை ரத்து செய்து ஆடு' என்று ஒரு பொத்தான். பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2021-இல் இந்தப் பொத்தானைத் தடை செய்தது. ஒரு பொத்தானைத் தடை செய்ய அரசு அமைப்பு வர வேண்டியிருந்தது.

தமிழ்நாடும் 2025 பிப்ரவரியில் விதிகள் கொண்டுவந்தது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்பதுதான் செய்திகளில் பெரிதாக வந்தது. எனக்குப் பிடித்தது வேறு: பணம் போடும்போதெல்லாம் நீங்கள் வைத்த வரம்பையும் இதுவரை செலவானதையும் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. எழுதியவர் யாரோ, விவரமானவர். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கைப் பெட்டி என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. 15 நொடியில் முடிவெடுக்க வேண்டிய ஆட்டத்தின் நடுவே வந்து குதிக்கும் பெட்டியை யார் படிப்பார்கள்? 'ஓகே'யைத் தேடித்தான் விரல் போகும். மேசையின் மூலையில் 'இன்று: –2,700' என்று நிரந்தரமாக ஓர் எண் நின்றாலே போதும், எந்தப் பெட்டியும் வேண்டாம்.

பங்குச்சந்தை ஆப்களில் நஷ்டத்தைச் சிவப்பில் பெரிதாகத்தானே காட்டுகிறார்கள், என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எஃப் அண்ட் ஓ (பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று கணித்து வாங்கி விற்கும் ஒப்பந்தங்கள்) ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளில் நஷ்டப்பட்டதாகப் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024-இல் சொன்னது. எண்ணைக் காட்டினால் ஆள் திருந்திவிடுவான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு எண், காபி கொடுக்க வரும் மனைவி கண்ணிலோ பின்னால் நிற்கும் தம்பி கண்ணிலோ பட்டுவிடும், "என்னது இது?" என்று ஒரு கேள்வியாவது வரும். போக்கர் திரையை எட்டிப் பார்க்கிறவர்களுக்கும் தெரிவது அதே 1000 ரூபாய்தான்.